ஆர்னோல்ஃபினி இணையரைப் படியெடுத்து எண்ணெய் வண்ணம் கற்பது: முழுமையான வழிகாட்டி

எண்ணெய் வண்ணத்தைப் பழம், பூச்சாடி, முகம் என்று தனித்தனியாகக் கற்கலாம். அல்லது இவை எல்லாவற்றின் சிக்கலையும் ஒரே சட்டத்துக்குள் வைத்திருக்கும் ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு, ஐந்தாறு மாதம் அதனோடேயே இருந்து கற்கலாம். இவ்வழிகாட்டி இரண்டாம் வழியில் செல்பவர்களுக்கானது. எடுத்துக்கொண்டிருக்கும் ஓவியம், ஃபிளெமிய ஓவியர் யான் வான் ஐக் 1434ஆம் ஆண்டில் ஓக் மரப்பலகையில் தீட்டிய ஆர்னோல்ஃபினி இணையர்; ஓர் அறையில் கைகோத்து நிற்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் காட்டுவது. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அதன் அளவு 82.2 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம்.

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியறையில் இதை இரண்டு முறை முழுமையாகப் படியெடுத்திருக்கிறேன். என்னோடு அமர்ந்து தொடங்கியவர்கள் எங்கெங்கே நின்றுபோனார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குக் கை நன்றாகவே ஓடியது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததும், காய வேண்டியது காயுமுன் அதன்மேல் பூசியதும்தான் அவர்களை நிறுத்தின. ஆகவே கீழ்வரும் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதல் வாரம் தூரிகையைத் தொடாதீர்கள்

ஓவியத்தைக் காத்துவரும் கேலரியே பெரிதாக்கிப் பார்க்கத்தக்க தெளிவான படத்தைப் பொதுப் பார்வைக்கு வைத்திருக்கிறது. அதைத் திரையில் திறந்து, ஒரு நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரி, அப்பொருள் எதைக் குறிக்கிறது என்று சொல்லப்படுகிறது என்பது. இரண்டாவது வரி, அந்தக் குறிப்பை வண்ணத்தில் தாங்கி நிற்பது எது என்பது. இரண்டாவது வரிதான் உங்கள் வேலைப் பட்டியல்.

எடுத்துக்காட்டாக, பட்டப்பகலில் தொங்குவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவத்தி மட்டும் எரிகிறது. அது இறைவனின் இருப்பு என்பது ஒரு வாசிப்பு. வண்ணத்தில் அதைத் தாங்குவது, அந்தச் சுடர் தன்னைச் சுற்றி எதன்மீதும் ஒளி வீசாமல் நிற்பது. சன்னல் திட்டில் ஒன்றும் அதனடியில் உள்ள பெட்டியின்மேல் மூன்றுமாக இருக்கும் ஆரஞ்சுகள், வான் ஐக் வாழ்ந்த அன்றைய புரூஜ் நகரத்தில் விலையுயர்ந்த இறக்குமதிப் பழங்கள் என்பதால் செல்வத்தைக் குறிப்பன. அவற்றைத் தாங்குவது, சன்னல் வெளிச்சத்தில் இருக்கும் பழத்துக்கும் நிழலில் இருக்கும் பழங்களுக்கும் இடையிலான நிற வேறுபாடு.

இது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய பழக்கம் அன்று. தாமிர சபை நடராசரின் கையில் உள்ள உடுக்கையும் தீயும், காலடியில் கிடக்கும் முயலகனும் என்ன சொல்கின்றன என்பதைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தீயை ஏந்திய கையின் கோணம் மாறினால் பொருளும் குலைந்துவிடும் என்பது சிற்பிக்குத் தெரியும். அதே கவனத்தைத்தான் இங்கும் செலுத்த வேண்டும்.

ஒரு விளக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீட்டத் தொடங்குவது தவறு. கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1934இல் இவ்வோவியத்தைத் திருமணச் சான்றாக வாசித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பெண் கருவுற்றிருக்கிறாள் என்று நினைத்து வயிற்றைக் கூடுதலாக உருட்டிவிடுபவர்கள் ஏராளம். அவள் அக்காலத்து மிகைத்துணி உடையைக் கையால் முன்னே தூக்கிப் பிடித்திருக்கிறாள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். துணியைத் துணியாகத் தீட்டினால் போதும்.

2. அறையும் வெளிச்சமும் காற்றும்

வடக்குச் சன்னலருகே அமர்ந்து தீட்டுங்கள் என்று எல்லா நூல்களும் சொல்லும்; அங்கே நேர்வெயில் விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்பது காரணம். திருநெல்வேலிக்கு இது பாதியே பொருந்தும். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், ஏப்ரல் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் இறுதி வரை சூரியன் நண்பகலில் தலைக்கு வடக்கே நிற்கும்; வடக்குச் சன்னலில் நேர்வெயிலே விழும். அம்மாதங்களில் சன்னலுக்கு வெள்ளை மல் துணியோ டிரேசிங் தாளோ கட்டிவிடுங்கள். வலக்கைக்காரர்கள் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும்படி அமர வேண்டும். கையின் நிழல் பலகையில் விழாது என்பதோடு, ஓவியத்திலும் ஒளி இடப்பக்கச் சன்னலிலிருந்தே வருகிறது என்பதால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

வெயிலைவிடப் பெரிய எதிரி காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், ஈரமான எண்ணெய் வண்ணத்தின்மேல் படியும் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதன்முறை படியெடுத்தபோது வலப்பக்கத்துச் சிவப்புப் படுக்கைத் திரையை ஆனி மாதக் கடைசியில் தீட்டிச் சன்னலோரமே விட்டுவைத்தேன். காலையில் அந்தச் சிவப்பு முழுவதும் செம்மண் துகள் ஒட்டி, தொட்டால் உப்புத்தாள்போல் இருந்தது. மூன்று வாரம் காயவிட்டு, நீர் தொட்டுத் தேய்க்கும் 400ஆம் எண் தாளால் இழைத்து, மறுபடி பூச வேண்டியதாயிற்று.

அதனால் நான் சொல்லும் காலக்கணக்கு இது: தையில் பலகையும் கோட்டோவியமும், மாசியில் அடியோவியம் (நிறத்துக்கு முன் போடும் ஒளி-நிழல் பூச்சு), பங்குனி சித்திரையில் நிறங்களும் மெல்லிய பூச்சுகளும், வைகாசியில் சிறுபொருட்கள். சித்திரை வெயிலில் பூச்சு விரைந்து காயும். குற்றாலத்துச் சாரல் காற்று தொடங்குமுன் வேலை முடிந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் தொடங்கியவர்களுக்கு ஒவ்வொரு பூச்சும் இருமடங்கு நாள் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எந்த மாதமானாலும், அன்றன்றைய வேலை முடிந்ததும் பலகையைச் சுவர்ப்பக்கம் சாய்வாகத் திருப்பி வைத்து, மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிடுங்கள்.

3. வாங்க வேண்டியவையும் வாங்கக் கூடாதவையும்

வண்ணங்கள் ஒன்பது போதும்: டைட்டானியம் வெள்ளை, லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், வெர்மிலியன் சாயல், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரீன் நீலம், விரிடியன் பச்சை, ரா அம்பர், பர்ன்ட் அம்பர். கறுப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காரணம் ஏழாம் படியில் வரும். வான் ஐக் ஈயவெள்ளையைப் பயன்படுத்தினார் என்று கேட்டு அதைத் தேடிப் போகாதீர்கள்; அது நஞ்சு. துத்தநாக வெள்ளையை அடிப்பூச்சில் சேர்க்காதீர்கள். நாள்பட அது நொறுங்கும் தன்மை அடையும்.

தூரிகைகளில் தட்டையான பன்றிமயிர்த் தூரிகை இரண்டு, மென்மையான செயற்கைமயிர்த் தட்டைத் தூரிகை இரண்டு, 0, 1, 3 எண்ணுள்ள உருண்டைத் தூரிகைகள் வேண்டும். பூஜ்ஜிய எண்ணில் நல்லதாக ஒன்று வாங்குங்கள். கண்ணாடிக்கும் நாய்க்கும் அதுதான் ஊன்றுகோல்.

எண்ணெய், ஓவியக் கடையில் விற்கும் சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெயாகவே இருக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம்போல் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவதையே நாம் காய்தல் என்கிறோம். ஆளிவிதை எண்ணெய்க்கு அந்தக் குணம் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு இல்லை. நல்லெண்ணெய்க்கு அரைகுறையாகத்தான் உண்டு. அவசரத்துக்குச் சமையலறை நல்லெண்ணெயைக் கலந்த ஒருவரின் ஓவியத்தில் தரைப்பலகைகள் நான்கு மாதம் கழித்தும் விரலில் பிசுபிசுத்தன. முழுவதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. டர்பன்டைனும் அப்படியே: பெயின்ட் கடையில் எனாமலுக்குக் கலக்க விற்பது தூரிகை அலசுவதற்கு ஆகும், வண்ணத்தில் கலக்க ஓவியக் கடைச் சரக்கே வேண்டும்.

துடைக்கப் பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணிக்கு நிகரில்லை. அதில் நூல்துகள் உதிராது. ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகும். சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். நம் ஊர்க் கோடையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு தகர வாளியில் தண்ணீர் வைத்து, வேலை முடிந்தவுடன் துணியை அதில் அமிழ்த்திவிடுங்கள்.

4. பலகை

நுண்ணிய வேலைக்குக் கேன்வாஸின் இழை இடைஞ்சல்; 9 மி.மீ. எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையை மரக்கடையில் ஓவியத்தின் உண்மை அளவுக்கே அறுத்து வாங்குங்கள். பாதி அளவில் செய்தால் எளிது என்று தோன்றும். ஆனால் மூலத்தில் கண்ணாடியின் விட்டமே சுமார் ஐந்தரை செ.மீ.தான், அதைப் பாதியாக்கினால் எந்தத் தூரிகைக்கும் இடம் இராது.

ஜெஸ்ஸோவை (வண்ணத்துக்கு முன் பலகையில் பூசும் வெள்ளை அடித்தளப் பூச்சு) மெல்லியதாக நான்கு முறை பூசுங்கள். ஒருமுறை நெட்டாகவும் மறுமுறை குறுக்காகவும் இழுத்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220ஆம் எண் தாளாலும், கடைசியாக 400ஆம் எண் தாளாலும் தேய்க்க வேண்டும். பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு பூச்சு கொடுங்கள்; இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை ஒருபக்கம் மட்டும் ஈரம் ஏற்று வளையும். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பிரைமர் ஜெஸ்ஸோவுக்கு மாற்றாகாது. அது வண்ணத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிட, மேற்பரப்பு சாம்பல் பூத்ததுபோல் மங்கும்.

தளத்தை வெள்ளையாகவே விடுங்கள். பழுப்புச் சாயம் பூசித் தொடங்கும் வழக்கம் வேறு வகை ஓவியங்களுக்கு நல்லது. இவ்வோவியத்தில் ஒளி, மெல்லிய பூச்சுகளை ஊடுருவிச் சென்று அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்புகிறது. பழுப்புத் தளம் அந்தத் திரும்பும் ஒளியை விழுங்கிவிடும்.

5. கோட்டோவியம்

படத்தை உண்மை அளவில் அச்சிட ஃபிளெக்ஸ் கடையே வசதி. ஜங்ஷனிலும் டவுனிலும் தெருவுக்கொன்று இருக்கிறது. அந்த அச்சின் நிறத்தை நம்பாதீர்கள், அதைக் கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. கட்டம் போட்டுப் பெரிய உருவங்களைக் கையாலேயே வரையுங்கள்; முழுவதையும் டிரேஸ் எடுப்பவர்களுக்கு, பின்னால் ஒரு கோடு வண்ணத்தில் மறைந்துபோனால் திரும்ப வரையத் தெரிவதில்லை. தொங்குவிளக்கும் கண்ணாடிச் சட்டமும் மட்டும் டிரேஸ் எடுக்கத்தக்கவை.

முன்பே வரைகலை படித்தவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். தரைப்பலகைகளையும் கூரை விட்டங்களையும் அளவுகோல் வைத்து ஒரே மறைபுள்ளிக்கு இழுத்துத் 'திருத்தி'விடுவார்கள். வான் ஐக்கின் கோடுகள் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. அதைத் திருத்தினால் படுக்கையும் விளக்கும் தம் இடத்தில் பொருந்தாமல் போகும். கட்டத்தில் உள்ளபடியே எடுங்கள்.

நாயும் விளக்கும் ஆரஞ்சுகளும் இருக்குமிடங்களை மிக மெல்லிய எல்லைக்கோட்டால் மட்டும் குறித்து வையுங்கள். அகச்சிவப்புக் கதிர்ப் படங்களில், நாய்க்கும் தொங்குவிளக்குக்கும் அடிக்கோடே இல்லை என்பது தெரிந்தது. அவை வேலை வெகுதூரம் நகர்ந்தபின் வண்ணத்திலேயே சேர்க்கப்பட்டவை. ஆடவனின் உயர்த்திய கையின் நிலையையும் வான் ஐக் நடுவில் மாற்றியிருக்கிறார். பெரியவற்றை முதலிலும் சிறியவற்றைப் பின்னாலும் வைக்கும் வரிசையை மூலமே நமக்குக் கற்றுத் தருகிறது.

பென்சில் கோட்டை டர்பன்டைனில் நீர்த்த பர்ன்ட் அம்பரால் மேலோட்டி, காய்ந்தபின் பென்சில் கரியை ரொட்டித்துண்டாலோ ரப்பராலோ எடுத்துவிடுங்கள். விட்டால் முகத்தின் வெளிர்நிறத்துக்குள் சாம்பல் கோடாகத் தெரியும்.

6. அடியோவியம்

ரா அம்பரை டர்பன்டைனில் மட்டும் கரைத்து, எண்ணெய் சேர்க்காமல், ஒளி-நிழலை ஐந்து படிநிலைகளில் போடுங்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் தளத்தையே விட்டுவிடுங்கள். எண்ணெய் குறைந்த பூச்சு அடியிலும் எண்ணெய் கூடிய பூச்சு மேலேயும் இருக்க வேண்டும் என்பது எண்ணெய் வண்ணத்தின் அடிப்படை விதி. எண்ணெய் மிகுந்தது மெதுவாக இறுகும். அது அடியில் கிடந்து மேற்பூச்சு முந்தி இறுகிவிட்டால், பின்னால் அடி அசையும்போது மேல் வெடிக்கும். அம்பரில் உள்ள மாங்கனீசு காய்தலை விரைவுபடுத்துவதால் இப்பூச்சு இரண்டே நாளில் காய்ந்துவிடும்.

தொடங்குபவர்கள் எல்லோரும் பெண்ணின் உடையை இருட்டாகப் போடுகிறார்கள். பச்சை என்ற பெயர் மனத்தில் இருப்பதால் கை கருமைக்குப் போகிறது. மொபைலில் மூலத்தின் படத்தையும் உங்கள் பலகையின் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; சன்னல் பக்கத்து மடிப்புகள் எவ்வளவு வெளிச்சமானவை என்பது அப்போதுதான் தெரியும்.

7. பெரிய நிறங்கள்

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்: பின்சுவர், கூரை, தரை, படுக்கை, ஆடவன், கடைசியாகப் பெண். முன்னால் நிற்பதன் விளிம்பு பின்னால் இருப்பதன்மேல் ஏறி உட்கார வேண்டும் என்பதே காரணம். சுவரைப் பிறகு நிரப்புபவர்களுக்கு உருவத்தைச் சுற்றி வெட்டி ஒட்டியதுபோல் ஒரு வரப்பு நின்றுவிடும்.

படுக்கையின் சிவப்பை முதலில் வெர்மிலியன் சாயலும் சிறிது ஓக்கரும் கலந்து தடையற்றுப் போட்டு, நன்றாகக் காய்ந்தபின் அலிசரினை மெல்லியதாக மேலே இழுங்கள்.

ஆடவனின் மேலங்கி கறுப்புப்போல் தோன்றும் ஆழ்ந்த ஊதா. குழாயிலிருந்து கறுப்பை எடுத்து அடித்தவர்களின் பலகையில் அந்த இடம் சுவரில் துளையிட்டதுபோல் ஆகிவிடும். மடிப்பும் தெரியாது, ஓரத்துப் பழுப்பு மென்மயிரும் ஒட்டாது. அலிசரின், அல்ட்ராமரீன், பர்ன்ட் அம்பர் மூன்றையும் கலந்தால் கறுப்புக்கு நெருங்கிய நிறம் கிடைக்கும். நிழலில் நீலத்தையும் ஒளியில் சிவப்பையும் சற்றே கூட்டினால் துணி அசையத் தொடங்கும். இந்தக் கலவைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டு பங்கு.

8. பச்சை உடை

இந்தப் படிக்காகவே இவ்வோவியத்தைப் பரிந்துரைக்கிறேன். எண்ணெய் வண்ணம் மற்ற ஊடகங்களிலிருந்து எங்கே விலகி நிற்கிறது என்பதை இந்த உடை நேரே காட்டிக் கொடுக்கும். ஒரு மாதத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலில் ஒளிபுகா அடிநிறம். விரிடியன், லெமன் யெல்லோ, டைட்டானியம் வெள்ளை கலந்து மூன்று படிநிலை: ஒளிக்கு வெள்ளையும் மஞ்சளும் மிகுந்தது, நடுவுக்கு ஒன்று, நிழலுக்கு விரிடியனோடு துளி பர்ன்ட் அம்பர். மூலத்தில் காண்பதைவிட ஒரு படி வெளிறியதாகவே இது இருக்க வேண்டும். இந்த நிலையில் பலரும் மனம் கலங்கி, 'மருந்துக்கடைப் பச்சையாக இருக்கிறதே' என்று கருமையைக் கலக்கத் தொடங்குவார்கள். கலக்காதீர்கள். இனி வரும் ஒவ்வொரு பூச்சும் இதைத் தானே ஆழமாக்கும்.

கோடையில் பத்து நாள், மற்ற காலத்தில் மூன்று வாரம் காயவிடுங்கள். காய்ந்ததா என்பதை உடையின் கீழ்மடிப்பில் டர்பன்டைன் தொட்ட துணியால் லேசாக ஒற்றிப் பாருங்கள். துணியில் பச்சை ஏறினால் காயவில்லை.

பிறகு மெல்லிய பூச்சு. விரிடியனோடு மிகச் சிறிதளவு ரா அம்பரைச் சேர்த்து, எண்ணெயும் டர்பன்டைனும் சமபங்காகக் கலந்ததில் நீர்த்து, மென்மையான தட்டைத் தூரிகையால் உடை முழுவதும் ஒரே சீராக இழுங்கள். உடனே வேட்டித் துணியைப் பந்துபோல் மடித்து, ஒளி விழும் முகடுகளில் ஒற்றி எடுங்கள். பள்ளங்களில் உள்ளதைத் தொட வேண்டாம். முகட்டில் ஒரு மூச்சளவும் பள்ளத்தில் முழு அளவும் தங்கும். ஒரு வாரம் காயவிட்டு மீண்டும் இதையே செய்யுங்கள்; மூன்றாவது முறை பள்ளங்களுக்கு மட்டும்.

மூன்றாவது பூச்சு காய்ந்த காலை வெளிச்சத்தில், அவள் காலடியில் துணி குவிந்து கிடக்கும் இடத்தை ஒரு சாண் தொலைவில் பாருங்கள். முகட்டில் இளந்தளிர்போலவும், சரிவில் வாழையிலைபோலவும், மடிப்பின் அடியில் பாசி படர்ந்த தாமிரபரணிப் படித்துறைபோலவும் ஒரே பச்சை மூன்றாக நிற்கும். பலகையைச் சற்றே சாய்த்தால் அந்த ஆழம் அசையும். பேலட்டில் எவ்வளவு கலந்தாலும் ஒற்றைப் பூச்சில் இது வராது. ஒளி உள்ளே போய்த் திரும்பி வருவதால் மட்டுமே வருகிறது.

நேரும் தவறுகள் மூன்று. மெல்லிய பூச்சில் வெள்ளையைச் சேர்த்தால் அது ஒளியை மறித்துச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆக்கும். காயுமுன் பூசினால் தூரிகை அடிநிறத்தையே வழித்துக்கொண்டு வரும். பூச்சு வாழையிலையில் விழுந்த தண்ணீர்போல் முத்து முத்தாகத் திரண்டால் அடித்தளம் வழுவழுப்பேறிவிட்டது என்று பொருள். துடைத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லியதாகத் தேய்த்து, மிகையை முழுதும் துடைத்தபின் பூசுங்கள்.

9. முகங்களும் கைகளும்

வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன் சாயல் மூன்றிலேயே இருவரின் தோலும் அடங்கும். நிழலுக்கு ரா அம்பர் சிறிது. இருவர் முகத்திலும் ஆழ்ந்த நிழல் இல்லை. நாம் பழகிய நாட்காட்டிப் படங்களின் கன்னச் சிவப்பும் கண்மை அழுத்தமும் கையில் வந்துவிடும், அவற்றைத் தடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை ஈரத்தோடு ஈரமாக ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். மறுநாள் தொடர்ந்தால் காய்ந்த விளிம்பு கோடாக நிற்கும்.

இணைந்த கைகளில் அவன் இடக்கையின் மேல் அவளது வலக்கை படிந்திருக்கிறது. விரல்களை எண்ணித் தீட்டாமல், இரண்டு கைகளையும் ஒரே வெளிர் வடிவமாக முதலில் போட்டு, பிறகு விரலிடைக் கோடுகளை 1ஆம் எண் தூரிகையால் பிரியுங்கள்.

10. கண்ணாடி, சுடர், பழம், நாய்

எல்லோரும் முதல் நாளே தொட ஆசைப்படுவது கண்ணாடியைத்தான். முதன்முறை படியெடுத்தபோது நானும் இரண்டாம் வாரத்திலேயே கண்ணாடியை முடித்துவிட்டேன். பிறகு சுவரின் நிறம் மாறியதும், கண்ணாடிக்குள் தெரியும் சுவர் வேறு வீட்டுச் சுவராக நின்றது. கத்தியால் சுரண்ட வேண்டியதாயிற்று. கண்ணாடி அறை முழுவதையும் திருப்பிச் சொல்வது. அறை முடியாமல் அது சொல்ல ஒன்றும் இல்லை.

தீட்டுமுன் ஒரு பயிற்சி. எவர்சில்வர் சொம்பு ஒன்றை நன்றாகத் துலக்கி, இடப்பக்கம் சன்னல் இருக்கும்படி வைத்து, எதிரே அமருங்கள். கதவுநிலை வில்லாக வளைவதையும், சன்னல் ஒரு மூலையில் ஒடுங்கிப் பளிச்சென்று நிற்பதையும், நடுவில் நீங்கள் சிறுத்துத் தொலைவில் தெரிவதையும் ஐந்தரை செ.மீ. வட்டத்துக்குள் பென்சிலால் நான்கைந்து முறை வரையுங்கள். இதைச் செய்யாதவர்கள் கண்ணாடிக்குள் கதவையும் விட்டங்களையும் நேர்கோடாகவே போட்டு, சுவரில் ஒரு வட்டச் சன்னல் வைத்துவிடுகிறார்கள்.

ஓவியத்தின் கண்ணாடியில் இணையரின் முதுகும், வாசலில் நிற்கும் நீல உடையாரும் சிவப்பு உடையாரும் தெரிகிறார்கள். அந்த இருவரும் இரண்டு மூன்று தூரிகைத் தொடுதல்கள்தான். முகம் தீட்ட முயலாதீர்கள். வட்டம் முழுவதையும் பெரிய அறையைவிட ஒரு படி மங்கலாக வைத்து, கடைசியில் சன்னலின் பிரதிபலிப்பை மட்டும் கெட்டியான வெள்ளையால் ஒரே தொடுதலில் வையுங்கள். அது விழுந்த கணம் பலகை கண்ணாடியாகும். சட்டத்திலுள்ள பத்துச் சிறு வட்டங்களில் இயேசுவின் பாடுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓர் ஒளிப்புள்ளியும் ஒரு நிழலும் போதும்.

தொங்குவிளக்கைத் தீட்ட வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைச் சன்னலருகே வைத்துப் பாருங்கள். பித்தளையில் மஞ்சள் மிகக் குறைவு. பழுப்பும் கரும்பச்சையும் சூழ்ந்திருக்க, ஒளி விழும் இடத்தில் மட்டும் வெளிர்மஞ்சள் கீற்று. சுடரைச் சுற்றி ஒளிவட்டம் போடவே போடாதீர்கள். கார்த்திகை விளக்கைப் பார்த்துப் பழகிய கை தானாகவே மஞ்சளைப் பரப்பும். பகலில் எரியும் சுடர் அறைக்கு ஒளி தருவதில்லை. தேவையில்லாமல் ஏன் எரிகிறது என்று பார்ப்பவரைக் கேட்கவைப்பதே அதன் வேலை. ஒளிவட்டம் போட்டால் அந்தக் கேள்வி எழாமலே போய்விடும்.

ஆரஞ்சுகளில் திட்டின்மேல் இருப்பதை மட்டும் முழு நிறத்தில் தீட்டி, பெட்டிமேல் இருப்பவற்றில் பர்ன்ட் அம்பர் கலந்து அடக்குங்கள்.

நாயைக் கடைசியாக வையுங்கள். உடையும் தரையும் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். முதலில் உடலைப் பழுப்பு வடிவமாக மெல்லியதாகப் போட்டு, மறுநாள் பூஜ்ஜியத் தூரிகையில் நீர்த்த வண்ணத்தால், மயிர் வளரும் திசையிலேயே, வேரிலிருந்து நுனிக்கு இழுங்கள். விளிம்பு மயிர்கள் பச்சை உடையின்மேல் தனித்தனியே விழ வேண்டும். இருட்டு மயிர் முதலில், வெளிர் மயிர் பிறகு. கண்ணில் ஒளிப்புள்ளி ஒன்று வைத்ததும் நிறுத்திவிடுங்கள்.

11. காய்தல், வார்னிஷ், கையெழுத்து

அம்பர் மிகுந்த இடங்கள் காய்ந்தபின் உள்வாங்கி மங்கலாகத் தெரியும். எட்டாம் படியில் சொன்னபடி எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் ஆழம் திரும்பும். உடனே வார்னிஷ் அடித்து அதை மறைக்காதீர்கள்; வார்னிஷுக்குக் குறைந்தது ஆறு மாதம், மெல்லிய பூச்சுகள் மிகுந்த இவ்வோவியத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். மேலே வார்னிஷ் மூடினால் அடியில் இறுகாத எண்ணெய்க்குக் காற்று கிடைக்காது. அந்த ஓராண்டும் பலகையை இருட்டு அலமாரியில் பூட்டி வைக்காமல், நேர்வெயில் படாத வெளிச்சமான சுவரில் மாட்டுங்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். மழைக்காலத்தில் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டால் பூஞ்சை பிடிக்காது.

கண்ணாடிக்கு மேலே சுவரில், 'யான் வான் ஐக் இங்கிருந்தார், 1434' என்ற பொருளில் லத்தீன் வரி ஒன்று இருக்கிறது. அதையும் எழுத்துப் பயிற்சியாகத் தீட்டுங்கள். நீர்த்த பர்ன்ட் அம்பரால், தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வளைவையும் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். உங்கள் படி உண்மை அளவிலேயே இருப்பதால், பலகையின் பின்புறத்தில் அழியாத மையால் இது நகல் என்பதையும், உங்கள் பெயரையும், ஊரையும், தொடங்கிய நாளையும் முடித்த நாளையும் எழுதிவிடுங்கள்.